ஹாபிட் நாவலின் சேகரிப்புப் பதிப்புகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜே. ஆர். ஆர். டோல்கீனின் ‘ஹாபிட்’ நாவல் 1937 செப்டம்பர் 21 அன்று லண்டனில் வெளிவந்தது. தோல் அட்டை, ரெக்சின் அட்டை, தங்க ஓரம், உறைப்பெட்டி என்று அதன்பிறகு அது பூணாத அலங்காரம் இல்லை. எதை வாங்குவது, எதற்கு எவ்வளவு கொடுக்கலாம், விற்பவர் சொல்வதில் எதை நம்பலாம் என்று திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பதில்களில் என் விருப்பு வெறுப்பும் கலந்திருக்கிறது, அதை ஒளிக்கவில்லை.

சேகரிப்புப் பதிப்பு என்று எதைச் சொல்கிறார்கள்?

பதிப்பகம் எதன்மேல் அப்படி அச்சடித்திருக்கிறதோ அதை. இதற்குச் சட்டமோ தரமுத்திரையோ கிடையாது. சந்தையில் இந்தப் பெயரில் புழங்குபவை மூன்று வகை. வெளிவந்த காலத்தில் சாதாரணப் புத்தகமாக விற்றுப் பிறகு அரிதாகிப்போனவை ஒரு வகை. சேகரிப்பவர்களை மனத்தில் வைத்தே பெட்டியும் பொன்னெழுத்துமாகத் தயாரித்தவை இரண்டாம் வகை. பழைய பதிப்பொன்றை நகலெடுத்து மறுபடி அச்சிட்டவை மூன்றாம் வகை.

மூன்றுக்கும் சேர்த்து என்னிடம் ஓர் அளவுகோல்தான் இருக்கிறது. ஆசிரியர் இந்தப் புத்தகத்துக்காகக் கேட்டு, செலவு கருதிப் பதிப்பகம் மறுத்த ஏதாவது ஒன்றை இந்தப் பதிப்பு திருப்பித் தருகிறதா? தந்தால் விலைக்கு நியாயம் உண்டு. இல்லையென்றால் நீங்கள் பணம் கொடுப்பது அட்டைக்குத்தான்.

அப்படி என்ன மறுக்கப்பட்டது?

டோல்கீன் கதையை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கியவர் அல்லர். வரைபடங்கள், கோட்டோவியங்கள், மேலுறை, துணி அட்டையில் பதித்த மலைகளும் டிராகன்களும் எல்லாம் அவர் வரைந்தவை. வெளியிட்ட ஜார்ஜ் ஆலன் அண்ட் அன்வின் நிறுவனம் அவரை மதித்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் பெயர் தெரியாத ஒரு குழந்தைக் கதைக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்ற கணக்கும் அவர்களிடம் இருந்தது.

முதலில் மேலுறை. இருபுறமும் மரங்கள், நடுவே பனிமூடிய மலைகள், ஒரு பக்கம் சூரியன், மறுபக்கம் நிலா. சூரியனும் டிராகனும் சிவப்பாக இருக்கவேண்டும் என்று அவர் விரும்பினார். பச்சை, நீலம், கறுப்பு ஆகியவற்றோடு நான்காவதாகச் சிவப்பும் சேர்ந்தால் செலவு கூடும். மூலப்படத்தின் ஓரத்தில், சிவப்பை விட்டுவிடுங்கள் என்று அவரே குறிப்பு எழுதிக் கொடுக்கவேண்டியதாயிற்று. 1937இன் மேலுறையில் சூரியன் வெளுத்துக் கிடப்பது அதனால்தான். ஓரத்தைச் சுற்றி ஓடும் ரூனிக் என்னும் பழைய வடஐரோப்பிய எழுத்துகளை வெறும் அலங்காரம் என்று நினைத்துக் கடந்துவிடாதீர்கள். எழுத்துக்கூட்டிப் படித்தால் நூலின் பெயர், இது கதாநாயகன் பில்போ பேகின்ஸின் ஓராண்டுப் பயணக் குறிப்பு என்ற விவரம், தொகுத்தவர் பெயர், வெளியிட்டவர் பெயர் எல்லாம் அதில் இருக்கின்றன.

அடுத்தது நிலவெழுத்து. கதையில் குள்ளர் அரசன் த்ரோரின் வரைபடத்தில் மறைந்திருக்கும் எழுத்துகள், பழைய எழுத்துகள் அறிந்த எல்ரோண்ட் அதை நிலா வெளிச்சத்தில் பிடிக்கும்போதுதான் தெரிகின்றன. அந்த வியப்பு வாசகர் கையிலும் நிகழவேண்டும் என்பது டோல்கீனின் திட்டம். வரைபடத்தைத் தனித் தாளாகப் புத்தகத்துக்குள் வைத்து, மறைவெழுத்தைத் தாளின் பின்பக்கம் அச்சிட்டால், வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்கும்போது ஊடாகத் தெரியும். பதிப்பகமோ வரைபடத்தை முன்னட்டையின் உட்பக்கத்தில் ஒட்டுத்தாளாக வைத்துவிட்டது. அட்டையோடு ஒட்டிய தாளுக்குப் பின்பக்கம் ஏது? ஆகவே மறைவெழுத்தும் மற்ற எழுத்துகளோடு முன்பக்கத்திலேயே வந்தது. எல்ரோண்டுக்கு மூன்றாம் அத்தியாயத்தில் தெரியும் ரகசியம் வாசகருக்கு அட்டையைத் திறந்ததுமே தெரிந்துவிடுகிறது. இதை ஒழுங்காகச் செய்த பதிப்பு எதைப் பார்த்தாலும் நான் விலை கேட்பேன்.

மூன்றாவது வண்ணப்படங்கள். முதல் அச்சில் கறுப்பு வெள்ளைப் படங்கள் மட்டுமே. அமெரிக்கப் பதிப்பாளரான ஹூட்டன் மிஃப்லின் வண்ணப்படம் வேண்டும், அங்குள்ள ஓவியர்களை வைத்து வரையலாமா என்று கேட்டது. டிஸ்னி ஸ்டுடியோவின் சாயல் எதுவும் கூடாது என்று டோல்கீன் தன் பதிப்பாளருக்கு எழுதினார். 1937 கோடையில் தானே ஐந்து நீர்வண்ண ஓவியங்கள் வரைந்தார். 1938இல் வந்த அமெரிக்கப் பதிப்பில் நான்குதான் இடம்பெற்றன. தெப்பம் ஓட்டும் எல்ஃப் இனத்தவரின் குடிசைகளுக்கு பில்போ வந்து சேரும் படம் விடுபட்டது. 1937 இறுதியில் வந்த பிரிட்டிஷ் இரண்டாம் அச்சிலும் நான்குதான். அங்கே விடுபட்டது கழுகின் கூட்டில் பில்போ காலை வெயிலில் கண்விழிக்கும் படம். எனவே அந்தக் காலத்துப் பதிப்பு எதை வாங்கினாலும் ஐந்தும் ஒருசேரக் கிடைக்காது. இன்றைய பதிப்பில் ஐந்தும் இருக்கின்றனவா, ஆர்ட் பேப்பரில் தனித் தாளாக வந்திருக்கின்றனவா அல்லது கதை அச்சான தாளிலேயே மங்கலாக வந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

எல்லாப் பதிப்பிலும் கதை ஒன்றுதானே?

இல்லை. பெட்டியைப் பார்க்கும் முன்பு பார்க்கவேண்டியது இதைத்தான்.

1937இன் ஐந்தாம் அத்தியாயத்தில் வரும் கோல்லம், மலைக்கடியில் இருட்டில் வாழும் அந்த விசித்திரப் பிறவி, நமக்குத் தெரிந்த கோல்லம் அல்ல. பில்போவுடன் நடக்கும் விடுகதைப் போட்டியில் தோற்றால் பரிசாகத் தன் மோதிரத்தைத் தருவதாக ஒப்புக்கொள்கிறான். தோற்றதும் உண்மையிலேயே தரத் தயாராக இருக்கிறான். அது ஏற்கெனவே பில்போவின் கைக்குப் போய்விட்டதால் கிடைக்காதபோது மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, பதிலுக்கு வழி காட்டிவிட்டுப் போகிறான். பிறகு டோல்கீன் தன் பெரிய நாவலான ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ஐ எழுதத் தொடங்கி, அந்த மோதிரம் உலகையே ஆட்டிப்படைக்கும் பொருளாக வளர்ந்தது. அப்படிப்பட்ட ஒன்றை யாராவது பரிசாகத் தூக்கிக் கொடுப்பார்களா? 1947இல் அந்த அத்தியாயத்தை மாற்றியெழுதி, இப்படிச் செய்தால் எப்படி இருக்கும் என்று ஒரு மாதிரியாகப் பதிப்பாளர் ஸ்டான்லி அன்வினுக்கு அனுப்பினார். பதிலே வரவில்லை. 1950இல் புதிய அச்சின் மெய்ப்பு வந்தபோதுதான் அந்த மாதிரியே புத்தகத்தில் ஏறிவிட்டதைப் பார்த்தார். யோசித்துவிட்டு அப்படியே விட்டுவிட்டார். 1951இன் இரண்டாம் பதிப்பு அது. திருடன் திருடன் என்று இருட்டில் அலறும் கோல்லம் பிறந்தது இப்படித்தான். பழைய வடிவத்தையும் அவர் வீணாக்கவில்லை. பில்போ தன் நண்பர்களிடம் சொன்ன பொய்க்கதை அது என்று பின்னால் கதைக்குள்ளேயே சேர்த்துக்கொண்டார்.

அடுத்த திருத்தம் 1966இல். அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்காவில் ஏஸ் புக்ஸ் நிறுவனம் அவருடைய பெரிய நாவலை அனுமதி பெறாமல் மலிவுப் பதிப்பாக வெளியிட்டது. உரிமையை உறுதிப்படுத்தத் திருத்திய பாடங்கள், அதாவது திருத்திய எழுத்து வடிவங்கள், தேவைப்பட்டன. இந்தச் சுற்றில் நடந்தவை சின்னச் சின்ன மாற்றங்கள்தாம். முதல் அத்தியாயத்தில் குள்ளர்களுக்கான விருந்தில் கோழிக்கறியோடு இருந்த தக்காளி போய் ஊறுகாய் வந்தது. பழைய உலகத்துக் கதையில் தக்காளி எங்கிருந்து வந்தது என்ற உறுத்தல் போலும்.

இப்போது விற்கும் சேகரிப்புப் பதிப்புகளில் அநேகமாக எல்லாமே 1966இன் பாடத்தை ஒட்டியவை. 1937இன் பாடம் வேண்டுமென்றால் 2016இல் ஹார்ப்பர்காலின்ஸ் வெளியிட்ட முதல் பதிப்பின் நகல் இருக்கிறது. நான் இரண்டாம் வாசிப்புக்கு அதைத்தான் பரிந்துரைப்பேன். அந்தப் பழைய கோல்லத்தைச் சந்திப்பதற்கு ஆயிரக்கணக்கான பவுண்டு செலவழிக்காத வழி அது.

உண்மையான முதல் அச்சை எப்படி அடையாளம் காண்பது? என்ன விலை போகும்?

1,500 பிரதிகள் அச்சாயின. அன்றைய விலை ஏழு ஷில்லிங் ஆறு பென்ஸ். வெளிர்பச்சைத் துணி அட்டை, அதில் கருநீலத்தில் மலைகளும் டிராகன்களும். 310 பக்கங்கள். தலைப்புப் பக்கத்தின் பின்புறம் 1937இல் முதலில் வெளியிடப்பட்டது என்று மட்டும் இருக்கவேண்டும். இரண்டாம் அச்சு என்ற வரி சேர்ந்திருந்தால் அது அடுத்தது. அடுத்தது என்பதால் மட்டம் என்று நினைக்கவேண்டாம். இரண்டாம் அச்சில் 2,300 பிரதிகள் போடப்பட்டன. தைக்காமல் கிடங்கில் கிடந்த 423 பிரதிகளின் தாள்கள் 1940 நவம்பரில் லண்டன்மீது விழுந்த குண்டுவீச்சில் எரிந்துபோயின.

முதல் அச்சின் மேலுறையில் எனக்கு மிகவும் பிடித்த ஓர் இடம் உண்டு. பின்புற உள்மடிப்பில், ஆலிஸ் கதைகளை எழுதிய லூயிஸ் கேரலின் இயற்பெயரான டாட்ஜ்சன் வருகிறது. அதில் ஆங்கில ‘ஈ’ எழுத்து ஒன்று கூடுதலாக நுழைந்து ‘டாட்ஜெசன்’ என்று அச்சாகிவிட்டது. மேலுறைகள் அச்சாகி முடிந்த பிறகே கண்ணில் பட்டிருக்கிறது. மறுபடி அச்சிடவில்லை. பேனாவும் மையுமாக உட்கார்ந்து, அந்த ஒற்றை எழுத்தின்மேல் கையாலேயே கோடு கிழித்துவிட்டார்கள். எண்பது ஆண்டுகளுக்கு முந்தைய அந்த மைக்கோடு இன்று ஒரு சான்று. மேலுறை அசலா என்று பார்ப்பவர் முதலில் திருப்புவது அந்த மடிப்பைத்தான்.

விலையைப் பொறுத்தவரை மேலுறை இருக்கிறதா என்பதில்தான் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. 2015இல் சதபீஸ் ஏலத்தில் ஒரு பிரதி 1,37,000 பவுண்டுக்குப் போனது. டோல்கீன் தன் பழைய மாணவி ஒருவருக்குப் பழைய ஆங்கிலத்தில் வரிகள் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்த பிரதி அது. 2025இல் பிரிஸ்டல் நகரில் ஒரு வீட்டைக் காலி செய்தபோது சாதாரணப் புத்தக அலமாரியில் கிடந்த முதல் அச்சுப் பிரதி 43,000 பவுண்டுக்கு விற்றது. இந்தத் தொகைகளை வைத்து உங்கள் பரணில் இருக்கும் பேப்பர்பேக்கை மதிப்பிடவேண்டாம்.

நகல் மேலுறைகள் தாராளமாகக் கிடைக்கின்றன. நேர்மையான வியாபாரி நகல் என்று சொல்லியே விற்பார். அரிய நூலுக்கு நகல் மேலுறை போடுவது குற்றமல்ல. சொல்லாமல் போடுவதுதான் குற்றம்.

பச்சை ரெக்சின் அட்டை, பச்சைப் பெட்டி, ‘1966 சேகரிப்புப் பதிப்பு’ என்று விற்கிறார்களே, வாங்கலாமா?

இணையத்தில் அதிகம் தென்படும் பழைய பெட்டிப் பதிப்பு இதுதான். ஹூட்டன் மிஃப்லின் வெளியிட்டது. அட்டையில் பொன்னும் வண்ணமுமாகப் பதித்த வேலைப்பாடு, உள்ளே டோல்கீனின் படங்கள். கையில் எடுத்தால் மனத்துக்குப் பிடித்துவிடும், நான் மறுக்கவில்லை. ஆனால் 1966 என்பது தலைப்புப் பக்கத்தின் பின்புறமான உரிமைப் பக்கத்தில் இருக்கும் ஆண்டு. மூன்றாம் பாடத்துக்கான காப்புரிமை ஆண்டு அது. உங்கள் கையில் இருக்கும் பிரதி அச்சான ஆண்டு அல்ல. இந்தப் பதிப்பு பிற்காலத்தில் வந்து, பல ஆண்டுகள் மறுபடி மறுபடி அச்சானது.

எளிய சோதனை ஒன்று சொல்கிறேன். உரிமைப் பக்கத்தில் ஐ.எஸ்.பி.என். என்னும் சர்வதேசப் புத்தக எண் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த முறை உலக அளவில் நடைமுறைக்கு வந்தது 1970இல். எண் இருந்தால் அது 1966இன் பிரதியாக இருக்க வழியில்லை. பதின்மூன்று இலக்கமாக இருந்தால் 2007ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ வந்தது. அடியில் எண்வரிசை இருந்தால் அதில் எஞ்சியிருக்கும் மிகச் சிறிய எண்தான் எத்தனையாவது அச்சு என்பதைச் சொல்லும். விற்பவர்கள் பலர் வேண்டுமென்றே பொய் சொல்வதில்லை. அந்தப் பக்கத்தைப் படிக்கத் தெரியாமல் ஆண்டைப் போட்டுவிடுகிறார்கள். அழகான வாசிப்புப் பிரதி என்ற விலைக்குக் கிடைத்தால் வாங்குங்கள். அரிய பொருள் என்ற விலைக்கு வேண்டாம்.

முழுத்தோல் பதிப்பு நல்லதா?

அமெரிக்காவின் ஈஸ்டன் பிரஸ் போன்றவை தங்க ஓரமும் பட்டு நாடாவுமாக முழுத்தோலில் போடுகின்றன. கட்டுமானம் உறுதியானது. எனக்கு அதில் ஈர்ப்பு இல்லை. டோல்கீன் வரைந்த அட்டையை எடுத்துவிட்டு, எந்த நாவலுக்கும் பொருந்தும் பொன்வேலையைப் போட்டால் அது வழக்கறிஞர் அறையில் அடுக்கிவைக்கும் சட்டப் புத்தகம்போல் ஆகிவிடுகிறது. வாங்குவதாக இருந்தால் வரைபடங்கள் எங்கே போயின என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வேறு ஓவியர்கள் வரைந்த பதிப்புகளில் எது சிறந்தது?

படங்களுக்காக மட்டும் என்றால் 1997இல் வந்த ஆலன் லீயின் பதிப்பு. மங்கலான பழுப்பும் சாம்பலுமான அந்த நீர்வண்ணம் கதையின் ஈரத்தைப் பிடித்துவிடுகிறது. லண்டன் ஃபோலியோ சொசைட்டி 1979இல் எரிக் ஃப்ரேசரின் கறுப்பு வெள்ளைப் படங்களோடு வெளியிட்டது. மரச்செதுக்கு போன்ற கனத்த கோடுகள், சிலருக்கு ஒட்டாது. அதே ஓவியர் அதற்கு முன் டோல்கீனின் பெரிய நாவலுக்கு, புனைபெயரில் இருந்த இன்னொருவரின் படங்களை அச்சுக்கு ஏற்பத் திருத்தி வரைந்தார். அந்தப் புனைபெயருக்குப் பின்னால் இருந்தவர் டென்மார்க்கின் அப்போதைய அரசி மார்கரெத்தே.

சுவையான பதிப்பு என்றால் 1962இன் ஸ்வீடிஷ் பதிப்பைத்தான் சொல்வேன். மூமின் கதைகளைப் படைத்த டூவே யான்சன் வரைந்தது. அதில் கோல்லம் பில்போவைவிடப் பலமடங்கு பெரிய பூதமாக நிற்கிறான். சிரிக்காதீர்கள், அவன் சிறியவன் என்று அதுவரை புத்தகத்தில் எங்கும் சொல்லப்படவில்லை. 1966இன் திருத்தத்தில் கோல்லம் அறிமுகமாகும் வரியில் ‘சிறிய’ என்ற சொல்லை டோல்கீன் சேர்த்தார்.

ஆசிரியரின் கைவண்ணமே போதும் என்பவர்களுக்கு 2023இல் ஹார்ப்பர்காலின்ஸ் வெளியிட்ட பதிப்பு இருக்கிறது. டோல்கீனின் ஓவியங்கள், முன்வரைவுகள், வரைபடங்கள் என்று ஐம்பதுக்கு மேல் சேர்த்திருக்கிறார்கள். புதிதாக ஒன்றே ஒன்று வாங்கப்போகிறேன் என்று கேட்பவருக்கு என் பதில் இதுதான்.

வாங்கும்போது எதைச் சோதிப்பது?

நடுப்பக்கத்தில் விரித்து மடிப்பின் ஆழத்தைப் பாருங்கள். தையல் கட்டு என்றால் ஃபாரம் (சேர்த்து மடித்த தாள்களின் தொகுதி) ஒவ்வொன்றின் நடுவிலும் நூல் தெரியும். பசைக் கட்டு என்றால் தாள்கள் தனித்தனியாக ஒட்டியிருக்கும். விரித்து வைத்தால் புத்தகம் தானாக மூடிக்கொள்ளும். முதுகின் மேல்முனையில் தெரியும் வண்ணப் பட்டையைப் பார்த்து ஏமாறவேண்டாம். பெரும்பாலும் அது ஒட்டிய அலங்காரம். அதற்கும் தையலுக்கும் தொடர்பில்லை.

இணையத்தில் வாங்கினால் ஐந்து படங்கள் கேளுங்கள்: உரிமைப் பக்கம், முதுகு, பெட்டியின் மூலைகள், இரண்டு வரைபடங்கள், மேலிருந்து பார்த்த தாள் ஓரம். அனுப்ப மறுப்பவரிடம் வாங்கவேண்டாம். அமெரிக்கப் புத்தக மன்றப் பிரதிகளின் மேலுறை மடிப்பில் பெரும்பாலும் விலை இருக்காது. மூலை வெட்டப்பட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் எப்படிப் பாதுகாப்பது?

பெட்டிக்குள் இருந்தால் பத்திரம் என்று நினைப்பது தவறு. இறுக்கமான பெட்டியில் ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். தோலில் இன்னும் சீக்கிரம். இராமபாணப் பூச்சிக்குப் பசையும் மாவும் பிரியம். பெட்டியின் ஒட்டுகளிலிருந்து அது வேலையைத் தொடங்கும். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம். மாதம் ஒருமுறை வெளியே எடுத்துப் புரட்டுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக்கில் சுற்றாதீர்கள். பக்கங்களுக்கு நடுவே வேப்பிலை வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் அலமாரியின் மூலையில் வையுங்கள். தாளுக்குள் வைத்தால் கறை இறங்கும். பச்சை முதுகு வெயிலில் வெளுக்கும், ஜன்னலுக்கு எதிரே வேண்டாம்.

விலை ஏறுமா?

புதிதாக வரும் பெட்டிப் பதிப்புகள்மேல் நம்பிக்கை வைக்காதீர்கள். எல்லோரும் பத்திரமாக வைத்திருக்கும் பொருள் அரிதாவதில்லை.

‘தோல் அட்டைச் சிறப்புப் பதிப்பு’ என்று மிக மலிவாக விற்கிறார்களே?

டோல்கீன் 1973 செப்டம்பர் 2 அன்று காலமானார். இந்தியச் சட்டப்படி 2033 இறுதிவரையும், பிரிட்டனில் 2043 இறுதிவரையும் காப்புரிமை இருக்கிறது. உரிமைப் பக்கமே இல்லாமல், பதிப்பகத்தின் பெயரும் இல்லாமல் யாராவது விற்றால் அது திருட்டு அச்சு. உள்ளே படங்கள் ஒளிநகல் தரத்தில் இருக்கும். வரைபடங்கள் இருந்தால் அதிர்ஷ்டம்.

பத்து வயதுப் பிள்ளைக்குப் பரிசளிக்க எது?

பேப்பர்பேக். இரண்டு வரைபடங்களும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். இந்தக் கதையை வெளியிடலாமா என்று 1936இல் ஸ்டான்லி அன்வின் கருத்துக் கேட்டது தன் பத்து வயது மகன் ரேனரிடம். கைப்பிரதியைப் படித்து அறிக்கை எழுதியதற்கு அவனுக்கு ஒரு ஷில்லிங் கூலி. ஐந்து முதல் ஒன்பது வயதுள்ள பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று எழுதிக் கொடுத்தான். உங்கள் வீட்டுப் பிள்ளை அதைக் கிழியும்வரை படித்துவிட்டால், அடுத்த பிறந்தநாளுக்குப் பெட்டிப் பதிப்பைப் பற்றி யோசிக்கலாம்.